கடன் கொப்பியும் சீமோன் வீட்டு விருந்தும்

பாலைப்பழக் காலம் வந்தால் முன்பெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். பழத்தின் மேல் இல்லை, அதைக் கொண்டுவருகிற ஆளின் மேல். விடிய ஐந்தரைக்குக் கடைக் கதவைத் திறந்தால் வாய்க்கால்கரை அக்கா வாசலில் நிற்பார். கையில் தேக்கிலையில் பொதிந்த பழம். கடை முற்றம் கூட்டியிருக்கும், தண்ணீரும் தெளித்திருக்கும். நான் கேட்கவில்லை. "தங்கச்சி, பெடியன் காட்டுக்குப் போனவன், உனக்கெண்டு எடுத்து வைச்சனான்" என்பார். நான் "அங்க வையுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் பாண் பெட்டியைத் திறக்கப் போய்விடுவேன். பழம் இல்லாத மாதங்களில் முருங்கைக்கீரை. அதுவும் இல்லாவிட்டால் வெறுங்கையோடு வந்து விளக்குமாற்றைத் தேடுவார்.

இவ்வளவும் பதினாலாயிரத்துச் சொச்ச ரூபாய்க்காக.

எங்கள் கடை மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே திரும்பும் ஒரு கிரவல் பாதையில் இருக்கிறது. அரிசி, மா, சீனி, சவர்க்காரம், நெத்தலி, பிள்ளைகளுக்குக் கொப்பி பேனை. இப்படிப்பட்ட இடத்தில் கடை நடத்துவது என்றால் கடன் கொடுப்பது என்றுதான் பொருள். வெட்டு முடிந்து நெல் விற்கும் வரை யாரிடமும் காசு இருக்காது. ஆகவே மேசை லாச்சியில் 120 பக்கக் கொப்பி ஒன்று எப்போதும் இருக்கும், ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்.

அக்காவின் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. அவர் இரண்டு இடத்தில் கிழமைக் கடன் எடுத்திருந்தார். குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு ஒருத்தி பிணை என்று கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற கடன். வியாழக்கிழமை மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து முற்றத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டால், காசு வைக்கும் வரை எழும்ப மாட்டார். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் நுண்கடனை ஒரு லட்சம் வரை தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது அக்காவின் ஒரு கடன் அதில் போனது, மற்றது அப்படியே நின்றது. எனக்குத் தர வேண்டியதும் நின்றது. கடைப்பக்கம் வராமல் குளக்கட்டால் சுற்றிப் போகத் தொடங்கினார். நான் அதைக் கண்டுகொண்டேன். கோயிலில் கண்டால்கூட முகத்தைத் திருப்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அந்த டிசம்பரில் வெள்ளம் வந்தது. 2018 டிசம்பர் 21, 22 என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு முழுக்கக் குளங்கள் வான் பாய்ந்தன. கடைக்குள் முழங்காலளவு தண்ணீர். மா மூட்டை, சீனி மூட்டை எல்லாம் போனது. லாச்சிக்குள் இருந்த கொப்பியும் ஊறிப்போனது. காயவைத்துப் பிரித்தால் நீல மை கலங்கி, ஒவ்வொரு பக்கமும் மழைமேகம் மாதிரி இருந்தது.

ஊரில் செய்தி பரவியது: கடைக்காரியின் கொப்பி போய்விட்டது. அப்புறம் மனிதர்கள் வந்தார்கள். சிலர் வந்து குறைத்துச் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். என் தலைக்குள் கொப்பி நனையவில்லை, எல்லாத் தொகையும் தெரியும். சிலர் வரவேயில்லை. வாய்க்கால்கரை அக்கா மூன்றாம் நாள் வந்தார். "தங்கச்சி, என்ர கணக்கு 14,800" என்றார். என் நினைவில் இருந்தது 14,350. நான் பேசாமல் பார்க்க, "நீ கடையில இல்லாத நேரம் உன்ர மகளிட்ட ஒரு பால்மா பைக்கற் வாங்கினனான், அது எழுதேல்ல" என்றார்.

"விடுங்கோ அக்கா. வெள்ளத்தோட போகட்டும்" என்று சொன்னேன். நல்ல மனத்தோடு சொன்னேனா என்று கேட்டால், பாதிதான். மீதிப் பாதி, இந்தப் பெண்ணிடமிருந்து எப்படியும் வராது என்ற கணக்கு. அன்றிலிருந்து தொடங்கியதுதான் விளக்குமாறும் கீரையும்.

அடுத்த தவக்காலத் தியானத்தில் ஃபாதர் லூக்கா ஏழாம் அதிகாரத்தை எடுத்தார். பரிசேயன் சீமோன் வீட்டில் இயேசு சாப்பிடப் போன கதை. அந்த ஊரில் பாவி என்று பெயர் எடுத்த ஒரு பெண் கூப்பிடாமலே உள்ளே வருகிறாள். அவர்கள் சாய்ந்து படுத்துச் சாப்பிடுகிற ஆட்கள், ஆகவே கால்கள் பின்பக்கம் இருக்கும். அவள் கால்மாட்டில் நின்று அழுகிறாள். கண்ணீர் காலில் விழ, கூந்தலால் துடைத்து, முத்தமிட்டு, பரிமளத் தைலம் பூசுகிறாள். எங்கள் ஊரில் ஒரு பெண் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் அழுதால் அது செத்தவீடு. விருந்து வீட்டில் அப்படிச் செய்தால் அதைப் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சீமோன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இவர் தீர்க்கதரிசி என்றால் இவள் யார் என்று தெரிந்திருக்குமே என்று மனத்துக்குள் நினைத்தான், அவ்வளவுதான்.

(இந்தப் பெண்ணைப் பலர் மகதலா மரியாள் என்று நினைத்திருக்கிறார்கள், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். லூக்கா இவளுக்குப் பெயரே கொடுக்கவில்லை. மகதலா மரியாள் அடுத்த அதிகாரத்தில்தான் முதன்முதலாக வருகிறார். 591இல் பாப்பரசர் கிரகோரியார் ஒரு பிரசங்கத்தில் இருவரையும் ஒன்றாக்கிவிட்டார், பாவம் அந்தம்மா கிட்டத்தட்ட 1,400 வருடம் மற்றவளின் பெயரைச் சுமந்தார். ஊர்வாய் என்பது எங்கள் ஊரில் மட்டும் இல்லை.)

இயேசு சீமோனிடம் கதை சொல்கிறார். ஒருவனிடம் இரண்டு பேர் கடன்பட்டிருந்தார்கள். ஒருவன் 500 தெனாரியம், மற்றவன் 50. தெனாரியம் என்றால் ஒரு நாள் கூலி. நான் கடைக்காரி, உடனே கணக்குப் போட்டேன். கணக்குக்கு நாள் கூலியை 2,500 ரூபாய் என்று வைத்தால் சின்னக் கடன் 125,000, பெரிய கடன் 1,250,000. இருவரிடமும் கொடுக்க வழியில்லை, இருவருக்கும் விட்டுவிட்டான். யார் அவனிடம் கூடுதல் அன்பு வைப்பான்? சீமோன் சொல்கிறான்: அதிகம் விடப்பட்டவன் என்று நினைக்கிறேன். அந்த "நினைக்கிறேன்" எனக்கு மிகவும் பிடிக்கும். பிடிபடப் போகிறோம் என்று தெரிந்த ஆளின் சொல் அது.

அப்புறம்தான் விஷயம். இயேசு முகத்தைப் பெண்ணின் பக்கம் திருப்பிக்கொண்டு, பேச்சை சீமோனிடம் பேசுகிறார். உன் வீட்டுக்கு வந்தேன், கால் கழுவத் தண்ணீர் தரவில்லை. முத்தமிடவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. இதை எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. வன்னியில் எந்த ஏழை வீட்டுக்குப் போனாலும் படலை திறந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் வரும், காலைக் கழுவு, மிச்சத்தைக் குடி என்று. செம்பு வராத வீட்டில் நீங்கள் விருந்தாளி இல்லை. சோறு போட்டாலும் இல்லை.

அன்றைக்கு நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். எனக்குள் ஒரு சந்தோஷம்: நானும் 14,800 ரூபாயை விட்டவள், இந்தக் கதையில் என் இடம் கடன் கொடுத்தவனின் இடம். அக்கா அந்தப் பெண். எல்லாம் பொருந்துகிறது. வைகாசி கழிந்து பாலைப்பழம் வந்தது, நான் "அங்க வையுங்கோ" என்றேன். ஒருநாள் மகள் கேட்டாள்: "அந்த அக்காவுக்கு ஒருநாளாவது இருக்கச் சொல்லி ஒரு தேத்தண்ணி குடுத்திருக்கிறீங்களா அம்மா?"

குடுக்கவில்லை. செம்பும் குடுக்கவில்லை.

இனி எழுதப்போவதைப் பத்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

2009 பங்குனி, யுத்தத்தின் கடைசி மாதங்கள். கிளிநொச்சி போய், தருமபுரம் போய், விசுவமடு போய், நாங்கள் இரணைப்பாலையில் இருந்தோம். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்களுடைய பங்கருக்குள் எங்களை விட்டது. ஏழு பேருக்கு வெட்டின குழிக்குள் பதினொரு பேர். யார் நீங்கள், எந்த ஊர் என்று கேட்கவில்லை, "தலையைக் குனிஞ்சு வாங்கோ" என்று மட்டும் சொன்னார்கள். பிறகு மாத்தளன் போனோம். அங்கே கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். சேலையைக் கிழித்துப் பை தைத்து மண் நிரப்பி அடுக்கி எங்களுக்கென்று ஒரு பங்கர் செய்தோம். அரை மூட்டை மா எங்களிடம் இருந்தது. வெளியே இருந்தால் நனையும், களவு போகும் என்று அதையும் உள்ளே வைத்தோம்.

ஒரு பின்னேரம் செல், அதுதான் எறிகணை, வரத் தொடங்கியது. ஒரு பெண் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் குனிந்தாள். "அக்கா, பிள்ளையை மட்டுமாவது." நான் "இடமில்லை" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன், கணவர் இல்லை, மாமி இல்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. போய்விட்டாள். என் முழங்காலுக்குப் பக்கத்தில் மா மூட்டை இருந்தது. ஒரு தாயும் பிள்ளையும் குந்தியிருக்கிற அளவு இடத்தில் அது இருந்தது.

அவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பெயர் தெரியாது. முகாமில் செட்டிகுளத்தில் தண்ணீர் வரிசையில் நின்ற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன், பிறகு பார்ப்பதை நிறுத்தினேன்.

மத்தேயு பதினெட்டில் இன்னொரு கடன் கதை உண்டு. ஒரு வேலைக்காரனுக்கு அரசன் 10,000 தாலந்து கடனை விடுகிறான். ஒரு தாலந்து 6,000 தெனாரியம், ஆக மொத்தம் ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருடம். அவன் வெளியே வந்ததும் தனக்கு 100 தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். அந்த வாசகம் வரும் ஞாயிறுகளில் எனக்குத் தலையிடி வரும், பூசைக்குப் போக மாட்டேன். இரணைப்பாலையில் எங்களுக்குத் தந்ததை மாத்தளனில் நான் கொடுக்கவில்லை, சொல்லப்போனால் அந்தக் கதை என் கதை.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஒவ்வொரு வருடமும் போவேன். கோபப்பட்டேன், பூசை தவறினேன், பொய் நிறை நிறுத்தேன் (இது எப்போதாவதுதான்). 50 காசுப் பாவங்கள். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடு மாதா கோயிலுக்கு வந்தபோது வெயிலில் நின்று கேட்டேன். நாங்கள் எவ்வளவு தீமை செய்யக்கூடியவர்கள், செய்தும் இருக்கிறோம் என்பதைச் சிலுவையின் வெளிச்சத்தில் உணரும்போதுதான் உண்மையான மனஸ்தாபம் வரும், அப்போதுதான் மன்னிப்பைக் கேட்கவும் கொடுக்கவும் முடியும் என்ற கருத்தில் பேசினார். நான் மனத்துக்குள், "நல்லாச் சொல்லுங்கோ, அவங்களுக்கு உறைக்கட்டும்" என்று நினைத்தேன். அவங்கள் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

மகள் தேத்தண்ணியைப் பற்றிக் கேட்ட அதே வருடம், 2019, ஆடித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போனேன். உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுகள் வெடித்துப் பத்துக் கிழமைதான் ஆகியிருந்தது. பைகளையெல்லாம் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். மடுமாதாவும் எங்களைப்போல இடம்பெயர்ந்தவள்தான். ஒல்லாந்தர் காலத்தில் 1670இல் மாந்தையிலிருந்து சுரூபமாகக் காட்டுக்குள் வந்தவள். 2008 சித்திரையில் செல்லுக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குப் போய், ஆவணியில் திரும்பியவள். அவளிடம் சொல்லுவது சுலபம் என்று நினைத்துத்தான் போனேன். மரத்தடியில் கதிரை போட்டு ஒரு வயதான ஃபாதர் இருந்தார். கோபம், பூசை என்று தொடங்கி, நடுவில் மா மூட்டை வாயில் வந்துவிட்டது.

அவர் இடைமறிக்கவில்லை. முடிந்த பிறகு ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயசு இருக்கும்?"

"இரண்டு இருக்கும் ஃபாதர்."

"அப்ப இப்ப பன்னிரண்டு" என்றார். உயிரோடு இருக்கிறதா என்று அவருக்கும் தெரியாது, ஆனாலும் அப்படிச் சொன்னார். பிறகு அபராதம்: ஒரு செபமாலை. பாவமன்னிப்புச் சொல்லிக் கையைத் தலைக்கு மேல் பிடித்தார்.

எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம். ஒரு செபமாலையா? பொய் நிறைக்கும் அதைத்தானே தந்தார்கள்? கொஞ்சமாவது பெரிதாக ஏதாவது கேட்டிருந்தால், ஒரு வருடம் உபவாசம், முழங்காலில் கோயிலைச் சுற்று என்று ஏதாவது, நானும் என் பங்குக்குக் கட்டினேன் என்று இருந்திருக்கும். கோயிலடி மணலில் இருந்து செபமாலையைத் தொடங்கினேன். மூன்றாம் பத்திலோ நான்காம் பத்திலோ தெரியவில்லை, அழுகை வந்தது. சத்தமாக, செத்தவீட்டில் அழுவது மாதிரி. பக்கத்தில் பாய் விரித்திருந்த சிலாபத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது, அவர்களில் ஒரு அம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்திவிட்டார். கட்ட முடியாது என்பதுதான் எனக்கு அங்கே விளங்கியது. 500க்காரனுக்கு மட்டும் இல்லை, 50க்காரனுக்கும் கட்ட வழியில்லை என்று லூக்கா எழுதியிருக்கிறார். தவக்காலத்தில் கணக்குப் போட்டபோது நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

அவள் அதிகம் அன்பு செய்ததால் மன்னிப்புக் கிடைத்ததா, மன்னிப்புக் கிடைத்ததால் அதிகம் அன்பு செய்தாளா என்று அந்த வசனத்தை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம் என்பார்கள். கடன் கதையை வைத்துப் பார்த்தால் வரிசை தெளிவு. கடன்காரன் காலைப் பிடித்ததால் கடன் போகவில்லை, கடன் போன பிறகுதான் அன்பு வருகிறது. அக்கா முற்றம் கூட்டியது என் கடனைக் கட்டுவதற்கு இல்லை என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. தள்ளுபடி ஆன பிறகு யாராவது தவணை கட்டுவார்களா? அவருக்கு அந்த அன்பை எங்கேயாவது வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மடுவிலிருந்து திரும்பிய பஸ்ஸில் எனக்கும் அப்படித்தான் கை சும்மா இருக்கவில்லை, யாருடையதோ பிள்ளையை மாங்குளம் வரை மடியில் வைத்திருந்தேன்.

ஆனால் ஒரு கேள்வி தீரவில்லை. சீமோனின் பந்தியில் இருந்தவர்களும் அதையே கேட்டார்கள்: பாவங்களையும் மன்னிக்கிற இவர் யார்? நான் கடன்பட்டது அந்தத் தாய்க்கு. அவளுடைய கடனை வேறு யார் தள்ளுபடி செய்வது? கடவுள் செய்தார் என்று நம்புகிறேன், ஆனாலும் அவள் எதிரே வந்தால் நான் அவளிடம் போயாக வேண்டும். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று சொன்னவரும் அதே ஆள்தான். இதனால்தான் மேடை போட்டு எங்களை மன்னிக்கச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி உட்கார்ந்த தாய்மாரிடம் மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல மூன்றாம் ஆளுக்கு என்ன உரிமை? கொப்பி அவர்களுடையது. என்ன நடந்தது என்று எழுதிக்கூடக் காட்டாத கணக்கை எப்படி வெட்டுவது? நான் மன்னிக்கப்பட்ட கதையை நான் எழுதலாம். மற்றவளை மன்னிக்கச் சொல்ல அதைக் காட்ட மாட்டேன்.

எங்கள் கர்த்தர் கற்பித்த செபத்தில் "பாவங்களைப் பொறுத்தருளும்" என்று சொல்கிறோம். அடுத்த வீட்டு அன்ரி அமெரிக்க மிஷன்காரர், அவர்களுடைய பழைய வேதாகமத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கும். கடைக்காரிக்கு அதுதான் வசதி. ஆனால் பொறுத்தல் என்ற சொல்லை இப்போது விட மனமில்லை. மன்னிப்பதும் அதுதான், பாரம் சுமப்பதும் அதுதான், ஆள் வரும்வரை காத்து நிற்பதும் அதுதான்.

புதுக் கொப்பி ஒன்று லாச்சியில் இருக்கிறது. யாரும் ஆசைப்பட வேண்டாம், கடனைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், இல்லாவிட்டால் மொத்தக் கடைக்காரர் என்னைப் பிடிப்பார்.

போன கிழமை அக்கா வந்தார். இந்த வருடத்து முதல் பழம். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். கால் கழுவினார். வாங்கில் இருவரும் இருந்தோம், தேத்தண்ணி ஆறட்டும் என்று இலையைப் பிரித்து ஆளுக்கொரு கை எடுத்தோம். பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், வாயைத் திறக்கவே ஒரு மாதிரி இருக்கும். அக்கா ஏதோ சொல்ல வந்து உதடு ஒட்டிச் சிரித்தார். நானும் ஏதோ சொல்ல இருந்தேன். எழும்பிப் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து அவருடைய உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினேன்.